கவுன்சிலிங் படிக்க விரும்புகிறவர்களுக்கு: எந்த அளவுப் பயிற்சி உங்களுக்கு வேண்டும்?

"அக்கா, எல்லாரும் எங்கிட்டதான் மனசு விட்டுப் பேசுறாங்க. நான் கவுன்சிலிங் படிச்சா என்ன? எங்க சேரலாம்?"

மாதத்தில் நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பள்ளி ஆசிரியைகள், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் அம்மாக்கள், செவிலியர்கள், ஐடி வேலையை விட நினைக்கும் இளைஞர்கள், ஓய்வு பெறப்போகும் வங்கி ஊழியர்கள் என்று பலதரப்பட்டவர்கள். எல்லாருக்கும் ஒரே கல்லூரியின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடியாது. அதனால் முதலில் நான் ஒரு கேள்வி கேட்பேன்: நாளைக்கு உங்கள் எதிரே வந்து உட்காரப்போவது யார்?

இதற்குப் பதில் தெரியாமல் படிப்பைத் தேடினால், விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுகிற வகுப்பில்தான் போய்ச் சேருவோம்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

தேர்வில் தோற்றுப்போய் யாருடனும் பேசாத பதினைந்து வயதுப் பையனா? குடிக்கும் கணவரோடு பத்து வருடமாகப் போராடும் பெண்ணா? எச்ஐவி பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்குபவரா? குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டுவிட்டு வந்திருக்கும் கணவன் மனைவியா? காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருப்பதாகச் சொல்பவரா? நீங்கள் பார்க்க விரும்புவது யாரை என்று எழுதுங்கள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதுங்கள்: அப்போது உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? மருத்துவமனையில் வேலை செய்தால் அடுத்த அறையிலேயே மருத்துவர் இருப்பார். தொண்டு நிறுவனத்தில் மூத்தவர் ஒருவர் இருப்பார். உதவி எண்ணில் பேசினால் அந்தப் பணிநேரத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். வீட்டு மாடியில் போர்டு மாட்டி உட்கார்ந்தால் உங்களைத் தவிர யாரும் இல்லை. பலர் நினைப்பது இதற்கு நேர்மாறாக இருக்கிறது. மருத்துவமனையில் வேலை செய்யத்தான் பெரிய படிப்பு வேண்டும், வீட்டில் பார்க்கச் சின்னச் சான்றிதழ் போதும் என்று நினைக்கிறார்கள். தனியாக உட்காருகிறவருக்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த விஷயம். மூன்று மாத வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்த கையோடு, தெரிந்தவர்கள் அனுப்பியவர்களை வீட்டிலேயே பார்க்க ஆரம்பித்தேன். கணவரை இழந்த ஒரு பெண்மணி வந்தார். எந்நேரமும் அசதி, எதிலும் பிடிப்பில்லை, உடம்பு கனத்துப் போகிறது, விடிந்தால் எழுந்திருக்கவே முடியவில்லை என்றார். எனக்கு எல்லாமே துக்கமாகத் தெரிந்தது. ஏழெட்டு வாரம் துக்கத்தைப் பற்றியே பேசினோம். கடைசியில் வேறு ஏதோ காரணத்துக்காக மருத்துவரிடம் போனபோது இரத்தப் பரிசோதனை செய்து, தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் அவருக்குத் தெம்பு வந்தது. துக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் "உடம்பைப் பரிசோதித்துப் பார்த்தீர்களா?" என்று முதல் நாளே கேட்க வேண்டும் என்று அந்த வகுப்பில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் பார்த்தவர்களைப் பற்றி வாரம் ஒருமுறை மூத்தவர் ஒருவரிடம் பேசியிருந்தால், அவர் முதல் பத்து நிமிடத்திலேயே அதைக் கேட்டிருப்பார். அந்த அம்மா இழந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது. மறுபடி படிக்கப் போனதற்கு அவர்தான் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது

மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்தவர். மருந்து எழுதுவது அவர் வேலை. கவுன்சிலர் ஒரு தூக்க மாத்திரையைக்கூடப் பரிந்துரைக்கக் கூடாது.

மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு பெற்றவர். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தப் பதிவு நடக்கிறது. பதிவு எண் இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கவுன்சிலர் என்ற பெயருக்கு இப்படி ஒரு வேலி நம் நாட்டில் நெடுங்காலமாக இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்ற நிலைதான். இப்போது அது மாறத் தொடங்கியிருக்கிறது. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் உளவியலாளர்கள், சமூகப் பணியாளர்கள், எச்ஐவி ஆலோசகர்கள் போன்றோரும் இடம் பெற்றிருக்கிறார்கள்.

அதன் முதல் பாதிப்பு புதிதாகச் சேருபவர்களுக்குத்தான். இந்தச் சட்டத்தின் கீழ் வரும் உளவியல் உள்ளிட்ட படிப்புகளை 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. "அஞ்சல் வழியில் எம்ஏ உளவியல் போடுங்க, ரெண்டு வருஷத்துல முடிஞ்சிடும்" என்று உங்கள் சித்தப்பாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ சொன்னால், அது அவர்கள் காலத்து வழி. இப்போதும் அப்படிச் சேர்க்கை நடத்துவதாக யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் மானியக் குழுவின் இணையதளத்தைப் பாருங்கள்.

படிப்புக்கு முன்னால்: கேட்டுப் பழகுங்கள்

எனக்கு அதிகாரம் இருந்தால் இதைக் கட்டாயமாக்கிவிடுவேன். எந்தப் படிப்பிலும் சேரும் முன் ஆறு மாதமாவது எங்காவது தன்னார்வலராக இருங்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையம் தன்னார்வலர்களால் நடப்பது. அங்கே பயிற்சி கொடுத்த பிறகுதான் தொலைபேசியை எடுக்க விடுவார்கள். அறிவுரை சொல்லாமல், தீர்ப்புச் சொல்லாமல், அழைத்தவர் பேசுவதைக் கூட இருந்து கேட்பதுதான் அங்கே முதல் பாடம்.

கேட்பதற்கு என்ன பயிற்சி என்று தோன்றும். நாம் வளர்ந்த விதம் அப்படி. ஒருவர் அழுதால் "அழாதே" என்போம். ஒருவர் தோற்றால் "இதெல்லாம் ஒரு விஷயமா, எங்க காலத்துல..." என்று ஆரம்பிப்போம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் எதிரே இருப்பவர் அதோடு வாயை மூடிக்கொள்வார். இந்தப் பழக்கத்தை விடுவதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது. எல்லாரும் உங்களிடம் மனசு விட்டுப் பேசுகிறார்கள் என்றால் அது நல்ல தொடக்கம்தான். ஆனால் தோழியிடம் பேசுவதும் இதுவும் வேறு வேறு. தோழிக்கு உங்கள் கதையையும் சொல்வீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுவீர்கள், பக்கம் சேர்ந்து பேசுவீர்கள். இங்கே அந்த மூன்றையும் செய்யக் கூடாது.

ஊரில் உதவி எண் மையம் இல்லையென்றால் முதியோர் இல்லம், போதை மீட்பு மையம், குழந்தைகள் இல்லம் என்று எங்காவது வாரம் ஒரு நாள் போங்கள். இந்த ஆறு மாதத்தில் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும். இதுதான் என் வேலை என்று உறுதிப்படும், அல்லது அடுத்தவர் துக்கத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து தூங்காமல் கிடக்கிறேன், இது எனக்கு ஆகாது என்று புரியும். இரண்டாவது புரிந்தாலும் நல்லதுதான். லட்ச ரூபாயும் இரண்டு வருடமும் மிச்சம்.

எந்தப் படிப்பு எதற்கு

சில நாள் முதல் மூன்று மாதம் வரை நடக்கும் சான்றிதழ் வகுப்புகளை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஒரு வேலையில் இருப்பவருக்கு அவை நல்ல பயன் தரும். வகுப்பாசிரியர், செவிலியர், மகளிர் குழுத் தலைவி, மனிதவளப் பிரிவில் இருப்பவர் போன்றோர் தங்கள் வேலைக்குள்ளேயே கூர்ந்து கேட்கவும், சிக்கலை முன்கூட்டியே அடையாளம் காணவும், சரியான இடத்துக்கு அனுப்பவும் கற்றுக்கொள்ளலாம். அதை வைத்துத் தனியாகப் போர்டு மாட்டக் கூடாது, அவ்வளவுதான். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

ஒரு வருட டிப்ளமோ அடுத்த நிலை. ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது என்சிஇஆர்டி நடத்தும் வழிகாட்டல் மற்றும் ஆலோசனை டிப்ளமோ. நம் பக்கத்தவர்களுக்கு மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் அருகில் இருக்கிறது. ஆறு மாதம் வீட்டிலிருந்து படிப்பு, மூன்று மாதம் நேரில், மூன்று மாதம் சொந்த ஊரில் களப்பயிற்சி என்று பிரித்திருக்கிறார்கள். வேலையை விடாமல் படிக்க நினைப்பவருக்கு அந்த நடு மூன்று மாதம்தான் கஷ்டம். பள்ளியில் விடுப்புக் கிடைக்குமா என்று முதலில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். போதை மீட்பில் ஆர்வம் உள்ளவர்கள் சென்னையில் 1980-இல் தொடங்கப்பட்ட டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையில் அந்தத் துறைக்கான பயிற்சிகள் பற்றி விசாரிக்கலாம். டிப்ளமோ முடித்தவர் ஒரு குழுவுக்குள், மேற்பார்வையோடு வேலை செய்யத் தகுதி பெறுகிறார். குழுவுக்குள் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

இதையே முழுநேரத் தொழிலாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் இரண்டு வருட முதுகலைப் படிப்பு வேண்டும். எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையங்கள், பள்ளி, கல்லூரி, தொண்டு நிறுவனம், மருத்துவமனை என்று பெரும்பாலான வேலை விளம்பரங்கள் எதிர்பார்ப்பதும் உளவியல் அல்லது சமூகப் பணி முதுகலையைத்தான். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாணவர் தற்கொலைகள் தொடர்பான வழக்கில், நூறு அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற கவுன்சிலர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. சிறுவர், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்றதைக் காட்ட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பள்ளிக்கூடம் பக்கம் போக நினைப்பவர்கள் முதுகலையில் அந்தப் பாடத்தையும் அந்தக் களப்பணியையும் தேர்ந்தெடுங்கள்.

முதுகலையில் எம்எஸ்சி கவுன்சிலிங் உளவியலா, எம்எஸ்டபிள்யூ என்ற சமூகப் பணி முதுகலையா என்று பெரிய குழப்பம் வரும். சென்னை எழும்பூரில் 1952 முதல் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் இரண்டுமே உண்டு. நேரில் போய் இரண்டு துறை மாணவர்களிடமும் பேசிப் பாருங்கள். என் எண்ணத்தைச் சொல்கிறேன். ஒருவரோடு தனி அறையில் நீண்ட காலம் உட்கார்ந்து, அவர் மனத்துக்குள் நடப்பதைப் பின்தொடர ஆசை என்றால் கவுன்சிலிங் உளவியல். ஆனால் நம் ஊரில் உதவி கேட்டு வருபவர்களில் பலருக்கு மனத்தின் கஷ்டமும் வீட்டின் கஷ்டமும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். கந்துவட்டிக் கடன், விதவை உதவித்தொகை வராமல் இழுத்தடிப்பு, சாதி மாறிக் காதலித்ததால் வீட்டில் அடைப்பு, வரதட்சணை. இவருக்கு மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக் கொடுத்து அனுப்ப முடியுமா? எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும், எந்தச் சட்டம் துணை நிற்கும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதை எம்எஸ்டபிள்யூ நன்றாகக் கற்றுத் தருகிறது. படிப்பு முழுக்கக் களப்பணியும் கூடவே ஓடும். எந்தப் பட்டம் படித்தவரும் சேரலாம் என்பதும் வசதி. மருத்துவ, மனநலச் சமூகப் பணி என்ற பிரிவை எடுத்தால் மருத்துவமனை வேலைக்கும் வழி உண்டு. "கவுன்சிலிங்" என்ற சொல் படிப்பின் பெயரிலேயே இல்லை என்பதற்காக இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

மேலே இன்னும் ஒரு படி இருக்கிறது. தீவிர மனநோய் உள்ளவர்கள், உளவியல் சோதனைகள், நோய் கண்டறிதல் என்று போக விரும்பினால் ஆர்சிஐ அங்கீகரித்த மருத்துவ உளவியல் படிப்பு வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் இரண்டு வருட எம்ஃபில்தான் இதற்கு நெடுங்காலம் வழியாக இருந்தது. மானியக் குழு 2022-இல் எம்ஃபில் பட்டத்தையே நிறுத்திவிட்டு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025–26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. சைடி (Psy.D.) என்ற முனைவர் நிலைப் படிப்பு போன்றவை அந்த இடத்துக்கு வருகின்றன. இப்போது இளங்கலையில் இருப்பவர்கள் அண்ணன் அக்காக்கள் சொல்வதை வைத்துத் திட்டம் போடாமல், ஆர்சிஐ தளத்தில் அந்தந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்தே முடிவெடுங்கள். இந்தப் படிப்பில் இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வு கடினம். கவுன்சிலராக நல்ல வேலை செய்ய இது கட்டாயம் இல்லை. "இதுதான் உசத்தி" என்று நினைத்து மூன்று வருடம் நுழைவுத் தேர்வு எழுதியே மனம் தளர்ந்துபோன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நிறுவனத்துக்கு நேரில் போங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்: இந்தப் படிப்பில் நான் எத்தனை மணி நேரம் உண்மையான மனிதர்களோடு உட்காருவேன்? அதற்குப் பிறகு நான் செய்ததை யார் கேட்டு, யார் திருத்துவார்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் தெளிவான பதில் வரவில்லையென்றால் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வந்துவிடுங்கள். நீச்சலைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. மூன்று பேராக உட்கார்ந்து, ஒருவர் பேச, ஒருவர் கேட்க, ஒருவர் கவனித்துச் சொல்லும் பயிற்சி வாரந்தோறும் நடக்கிறதா என்றும் கேளுங்கள். பாடம் நடத்துபவர் இப்போதும் ஆட்களைப் பார்க்கிறாரா? மாணவர்கள் தாங்களே ஒரு கவுன்சிலரிடம் போய் உட்கார வேண்டும் என்று சொல்கிறார்களா? நல்ல இடங்களில் சொல்வார்கள். உங்கள் அப்பாவின் மேல் உங்களுக்கு ஆறாத கோபம் இருந்தால், மகளை அடித்துவிட்டு வந்து அழும் ஒரு அப்பாவின் எதிரே அது எப்படி எழும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அங்கீகாரம் விஷயத்தில் ஏமாறுபவர்கள் நிறைய. "ஐஎஸ்ஓ தரச்சான்று பெற்றது" என்றால் அந்த நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கிடைத்த சான்று. "மத்திய அரசில் பதிவு பெற்றது" என்று போட்டிருந்தால் பல நேரம் அது சிறுதொழில் பதிவாகவோ அறக்கட்டளைப் பதிவாகவோ இருக்கும். இரண்டுமே படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள். போன வருடச் சான்றிதழின் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், தமிழ். நம் கல்லூரிகளில் இந்தப் படிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. வருபவர் பேசுவதோ தமிழ், அதுவும் அவரவர் ஊர்த் தமிழ். "டிப்ரஷன்" என்று சொல்லிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். "மனசே சரியில்ல", "நெஞ்ச அடைக்குது", "எதுலயும் பிடிப்பில்ல", "தல கனமா இருக்கு", "யாரோ வச்சிட்டாங்க" என்றுதான் வருவார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று முகம் சுளித்தால், மறுவாரம் அவர் வரமாட்டார். அவர் பயத்தை அவர் சொல்லிலேயே கேட்டு, அதே நேரத்தில் மருத்துவரைப் பார்க்கவும் சம்மதிக்க வைக்க வேண்டும். வகுப்பில் ஆங்கிலத்தில் கற்ற ஒவ்வொரு கேள்வியையும் உங்கள் அத்தையிடம் கேட்பதுபோல் தமிழில் சொல்லிப் பார்த்து எழுதி வையுங்கள். "அப்போது எப்படி உணர்ந்தீர்கள்?" என்று நம் வீடுகளில் யாரும் கேட்பதில்லை. "அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் கண் கலங்கிப் பேசுவார்கள்.

எந்த நிலையில் இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டியவை

நம்மிடம் சொன்னது வெளியே போகாது என்று வாக்குக் கொடுக்கிறோம். அதற்கு விதிவிலக்கு உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவிப்பது யாருக்கும் கட்டாயம், தன்னார்வலருக்கும் சேர்த்துத்தான். "யாருக்கும் சொல்லமாட்டேன், சொல்லு" என்று குழந்தையிடம் சத்தியம் செய்துவிட்டு, பிறகு மீற நேர்ந்தால் அந்தக் குழந்தைக்கு அது இன்னொரு துரோகம்.

உயிருக்கு ஆபத்தான பேச்சு வந்தால் தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அனுப்பும்போது "அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்வதற்கும், "செவ்வாய்க்கிழமை காலையில், வலது பக்கம் இரண்டாவது அறை, நானும் வருகிறேன்" என்று சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

வருமானம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தன்னார்வப் பணிக்குச் சம்பளம் கிடையாது. ஒப்பந்த வேலைகளில் தொடக்கத்தில் குறைவாகத்தான் கொடுக்கிறார்கள். வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும்போது இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்காதீர்கள். இரண்டு வருடச் செலவுக்கு வழி செய்துவிட்டு வாருங்கள். அண்மையில் வீட்டில் பெரிய இழப்பு நடந்திருந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் துக்கத்துக்கு ஒருவரிடம் போய் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் அடுத்தவர் துக்கத்துக்கு வாருங்கள்.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் சேர்ந்த அன்றே ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு முறை ஒருவரோடு உட்கார்ந்ததும் தேதி, எத்தனை நிமிடம், என்ன வகைச் சிக்கல், மேற்பார்வை செய்தவர் யார், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வந்தவர் பெயரோ ஊரோ வேண்டாம். மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். பின்னாளில் வேலைக்கோ பதிவுக்கோ விண்ணப்பிக்கும்போது பயிற்சி நேரத்துக்குச் சான்று கேட்டால், அந்த நோட்டை எடுத்துக் கொடுக்கலாம்.